ரோப் காரில் வேலைக்குப் போக முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோப் கார் என்றதும் நமக்குப் பழநி ஞாபகம் வரும். அதை விட்டால் குல்மார்க் பனிமலை, சிங்கப்பூர் டூர் போட்டோ. ஆனால் தென் அமெரிக்காவில் பொலிவியாவின் லா பாஸ் நகரத்தில் ரோப் கார்தான் டவுன் பஸ். ஆபீஸ் போகிறவர், காய்கறி மூட்டையோடு சந்தைக்குப் போகிற அம்மா, காலேஜ் பையன் எல்லோரும் அதில்தான் போய் வருகிறார்கள். நகரத்துக்குள் ரோப் கார் என்ற பேச்சு எழும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் லா பாஸ் அடிக்கடி வரும். இந்த விஷயத்தில் எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஊர் அதுதான்.

ரோப் கார், ரோப்வே, கேபிள் கார், வின்ச் எல்லாம் ஒன்றுதானா?

முதல் மூன்றும் ஒன்றுதான். அந்தரத்தில் கட்டிய இரும்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டு போவது. வின்ச் வேறு. பழநியில் இரண்டும் இருப்பதால் குழப்பம் வருகிறது. வின்ச் மலைச் சரிவில் போட்ட தண்டவாளத்தின் மேல் ஓடுகிறது. கயிறு அதை இழுக்கிறது, அவ்வளவுதான். அது 1966-லிருந்து இருக்கிறது. ரோப் கார் 2004-ல் வந்தது. இந்தப் பக்கத்தில் பேசப்போவது அந்தரத்தில் போகும் சமாச்சாரம் மட்டும்.

பெட்டிக்குள் எஞ்சினும் இல்லை, டிரைவரும் இல்லை. எப்படி ஓடுகிறது?

கயிறு ஓடுகிறது, பெட்டி அதைப் பிடித்துக்கொண்டு போகிறது. இரண்டு ஸ்டேஷனிலும் வண்டிச்சக்கரம் போலப் பெரிய சக்கரம் படுக்கைவாட்டில் இருக்கும். முடிவில்லாத ஒரே வளையமாக இணைத்த கயிறு இரண்டையும் சுற்றி வரும். ஒரு முனையில் இருக்கிற மோட்டார் ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. வழியில் நிற்கும் கோபுரங்களின் உருளைகள் கயிற்றைத் தாங்கிக்கொள்கின்றன.

இன்னொரு வகையில் ஓடாமல் அசையாமல் கிடக்கும் தடித்த கயிறு ஒன்று தண்டவாளம் மாதிரி. பெட்டி அதன்மேல் சக்கரம் வைத்து உருளும். இழுப்பதற்கு வேறு கயிறு. இதிலேயே பழைய பாணி ஒன்று உண்டு. இரண்டே இரண்டு பெரிய பெட்டிகள், ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். கிணற்று ராட்டினத்தில் கயிற்றின் இரண்டு முனையிலும் வாளி கட்டி இறைப்பது போல. இறங்குகிற பெட்டியின் பாரம் ஏறுகிற பெட்டியைத் தூக்கிவிடுவதால், மோட்டார் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும் உராய்வையும் மட்டும் சமாளித்தால் போதும். மலை ஏறுவதற்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடைப்பது கடினம்.

ஓடிக்கொண்டிருக்கும் கயிற்றில் ஏறுவது எப்படி? ஸ்டேஷனில் நிற்குமா?

நிற்காது. நகரத்து ரோப்வேயின் உயிர்நாடியே இந்த இடத்தில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

பெட்டியின் தலைக்கு மேல் ஒரு கைப்பிடி, அதன் நுனியில் இரும்புக் கவ்வி. வலுவான ஸ்பிரிங் அந்தக் கவ்வியைக் கயிற்றின்மேல் இறுக்கி வைத்திருக்கும். அதாவது, ஒன்றும் செய்யாமல் விட்டால் அது பிடித்தபடியே இருக்கும். திறக்கத்தான் தனியாக விசை வேண்டும். பெட்டி ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் மேலே இருக்கும் ஒரு சரிவுத் தகடு கவ்வியின் நெம்புகோலை அழுத்த, 'டக்' என்று கயிற்றை விடுகிறது. பெட்டி இப்போது கயிற்றில் இல்லை, ஒரு பாதையில் உருள்கிறது. மேலே வரிசையாகச் சுழலும் சின்னச் சின்ன ரப்பர் டயர்கள் ஒவ்வொன்றும் முந்தையதைவிட மெதுவாகச் சுற்றும். அவை பெட்டியின் வேகத்தைக் கையால் பிடித்து நிறுத்துவதுபோலக் குறைத்துக் கொண்டுவருகின்றன. கயிற்றில் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வந்த பெட்டி, நாம் ஏறுமிடத்தில் நொடிக்கு ஒரு முழம்கூட நகராது. கதவு திறக்கும், நடந்தபடியே ஏறிக்கொள்ள வேண்டியதுதான். அப்புறம் எதிர்த் திசையில் அதே வேலை: டயர்கள் வேகம் கூட்டும், கயிற்றின் வேகத்தை எட்டியதும் கவ்வி மறுபடி பிடிக்கும். கயிறு இத்தனைக்கும் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

பழநியில் இப்படி இல்லை. அங்கே பெட்டிகள் கயிற்றோடு நிரந்தரமாகக் கவ்வப்பட்டவை. ஒரு கொத்து மேலே போனால் ஒரு கொத்து கீழே வரும், ஆள் ஏற மொத்தக் கயிறும் நிற்கும். கோயிலுக்கு அது போதும். ஒரு ஊருக்குப் போதாது.

நடுவழியில் திடீரென்று நின்றுவிடுகிறதே, ஏன்?

ஒரு மலைக்கோயிலில் அத்தையோடு போனபோது எங்கள் பெட்டி பள்ளத்தாக்கின் நட்டநடுவில் நின்றது. நின்ற வேகத்தில் முன்னும் பின்னும் ஊஞ்சல் ஆடியது. அத்தை கண்ணை மூடி "முருகா முருகா" என்று ஆரம்பித்துவிட்டார்; அது பெருமாள் கோயில் என்பதுகூட அவருக்கு மறந்துபோயிற்று. இரண்டு நிமிஷம் கழித்துக் கிளம்பியது. இறங்கியதும் அங்கிருந்த ஆபரேட்டரிடம் கேட்டேன். "கீழ ஒரு பாட்டி ஏற லேட்டாச்சு சார், அவ்வளவுதான்" என்றார்.

ஒரே கயிறு என்பதன் விளைவு இது. ஒரு பெட்டி நின்றால் எல்லாப் பெட்டியும் நிற்கும். பெரும்பாலான நிறுத்தங்களுக்குக் காரணம் இப்படித்தான் இருக்கும்: ஏறத் தடுமாறியவர், கதவில் மாட்டிய பை, ஏதோ ஒரு சென்சார் சந்தேகப்பட்டது. சந்தேகம் வந்தால் நில் என்பதுதான் இந்த இயந்திரத்துக்குச் சொல்லி வைத்திருக்கும் பாடம். அந்தரத்தில் நிற்பது நமக்குப் பயம். இயந்திரத்துக்கு அதுதான் பத்திரமான நிலை.

இதை முதலில் யார் கண்டுபிடித்தார்கள்?

ஆற்றுக்குக் குறுக்கே கயிறு கட்டித் தொங்கிக் கடப்பது மலைநாடுகளில் ரொம்பப் பழசு. பெட்டிகள் வரிசையாக ஓடும் ரோப்வே என்று பார்த்தால், 1644-ல் இன்றைய போலந்தின் கதான்ஸ்க் நகரில் ஆதாம் விபே என்பவர் கோட்டை வேலைக்கு மண் சுமக்கக் கட்டியது முன்னோடி. அப்போது சணல் கயிறு. 1834-ல் ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கத்தில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் இரும்புக் கம்பிகளை முறுக்கிக் கயிறு செய்த பிறகுதான் இந்தத் தொழில்நுட்பத்துக்குத் தெம்பு வந்தது. ரியோ டி ஜெனிரோவின் சுகர்லோஃப் பாறைக்கு 1912-ல் ஓட ஆரம்பித்தது இன்றும் ஓடுகிறது.

நம் பக்கத்தில் பழைய ரோப்வே ஏதும் உண்டா?

உண்டு, பெயரே சாட்சி. மூணாறு போகிறவர்கள் பார்க்கும் டாப் ஸ்டேஷன் எதற்கு டாப்? ரோப்வேக்கு. மூணாறில் விளைந்த தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் அங்கே வந்து சேரும். பிறகு பெட்டி பெட்டியாகக் கயிற்றில் தொங்கி, சுமார் 5 கி.மீ. மலைச்சரிவில் இறங்கி, கீழே கொட்டகுடியில் இருந்த பாட்டம் ஸ்டேஷனுக்குப் போகும். அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர். 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. டாப் ஸ்டேஷன் இன்று தேனி மாவட்டத்தில், வியூ பாயின்ட்டும் கேரட் கடைகளுமாக இருக்கிறது. அங்கே நின்று போடி பக்கம் எட்டிப் பார்த்தால், ரோடு போட்டிருக்க முடியாத இடம் எது, கயிறு ஏன் தேவைப்பட்டது என்பது யாரும் சொல்லாமலே விளங்கும்.

சரி, லா பாஸில் அப்படி என்ன விசேஷம்?

ஊரின் அமைப்பு. லா பாஸ் ஒரு பெரிய கிண்ணம். அடியில் நகரத்தின் மையம், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,600 மீட்டர். கிண்ணத்தின் விளிம்பில் எல் ஆல்டோ என்ற இன்னொரு நகரம், 4,000 மீட்டருக்கும் மேலே. தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் உயரம் புரியும். எல் ஆல்டோவில் இருப்பவர்களில் பெரும்பான்மையோர் அய்மாரா என்ற பூர்வகுடி மக்கள், உழைக்கிற வர்க்கம்; வேலையெல்லாம் கீழே. நடுவில் செங்குத்தான சரிவு முழுக்கச் செங்கல் வீடுகள். வளைந்து வளைந்து இறங்கும் சாலையில் மினி பஸ்கள் முட்டி மோதிக்கொண்டு நிற்கும். புதுச் சாலை போட இடம் இல்லை. அந்தச் சரிவில் மெட்ரோ ஏறாது.

2014 மே 30 அன்று சிவப்பு வழித்தடம் திறந்தார்கள். பழைய ரயில் நிலையத்தில் கிளம்பி, இடையில் கல்லறைத் தோட்டத்தருகே ஒரு ஸ்டேஷன், அப்புறம் மேலே எல் ஆல்டோ. 2.4 கி.மீ. தூரம், பத்து நிமிஷம். அந்த வருஷத்துக்குள்ளேயே மஞ்சளும் பச்சையும் வந்தன. சிவப்பு, மஞ்சள், பச்சை என்பது பொலிவியக் கொடியின் நிறம். ஆட்சியில் இருந்த ஈவோ மொராலெஸ் அரசியல் தெரியாதவரா என்ன. 2019 மார்ச்சுக்குள் பத்து வழித்தடங்கள், 30 கி.மீ.க்கு மேல். ஒரு வழித்தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறலாம், நம் மெட்ரோவில் மாறுவது போல. பெயர் 'மி டெலிஃபெரிகோ', அதாவது 'என் ரோப் கார்'. கட்டியது ஆஸ்திரியாவின் டோப்பல்மயர், நடத்துவது அரசு நிறுவனம்.

எனக்கு இதில் பிடித்தது ஸ்டேஷன் பெயர்கள். ஸ்பானிஷோடு அய்மாராவிலும் பெயர் உண்டு. சிவப்புத் தடத்தின் மேல் முனைக்கு 'ஜாச்சா கத்து' என்று பெயர், அர்த்தம் பெரிய சந்தை. வியாழனும் ஞாயிறும் அங்கே கூடுகிற சந்தையில் பழைய கார் பாகத்திலிருந்து பாவாடை வரை கிடைக்கும். சால்வையும் வட்டத் தொப்பியும், பல மடிப்புப் பாவாடையும் அணிந்த பெண்கள் முதுகில் வண்ணத்துணி மூட்டையோடு ஏறுகிறார்கள். எதிர் சீட்டில் கோட் சூட் போட்டவர். பத்துப் பேர் பெட்டி, எதிரும் புதிருமாக உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். ஏறும்போது 'வணக்கம்' சொல்லிவிட்டு உட்காருவது அங்கே வழக்கம். மினி பஸ்ஸில் அடித்துப் பிடித்து ஏறியவர்கள் இங்கே வரிசையில் நிற்கிறார்கள். எவரும் அடிக்கவில்லை, அதட்டவில்லை. 12 நொடிக்கு ஒரு பெட்டி வந்தால் முண்டியடிக்க என்ன தேவை?

லா பாஸ்தான் இதில் முதல் ஊரா?

இல்லை, வழி காட்டியது கொலம்பியாவின் மெடயின். அங்கே பள்ளத்தாக்கின் அடியில் ஆற்றையொட்டி 1995 முதல் மெட்ரோ ரயில் ஓடியது. ஆனால் மலைச்சரிவுக் குடிசைப் பகுதிகளிலிருந்து அந்த மெட்ரோவுக்கு இறங்கி வருவதே ஒரு பயணம். 2004-ல் அசெவெடோ மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து சாந்தோ தொமிங்கோ மேட்டுக்குக் கயிறு கட்டினார்கள், சுமார் 2 கி.மீ. போதைப்பொருள் கும்பல்களின் சண்டையால் வெளியார் கால் வைக்கப் பயந்த பகுதி அது.

முக்கியமான முடிவு டிக்கெட்டில் இருந்தது. ரோப் காருக்கென்று தனிக் காசு வாங்கவில்லை. மெட்ரோ டிக்கெட்டே செல்லும். மேட்டில் இருப்பவருக்கு அது சுற்றுலா வண்டியாக இல்லாமல் மெட்ரோவின் இன்னொரு கிளையாக ஆனது அதனால்தான். கூடவே நூலகம், பள்ளிக்கூடம், பூங்கா, தெருவிளக்கு எல்லாம் வந்தன. அந்தப் பகுதிகளில் கொலைகள் மற்ற இடங்களைவிட வேகமாகக் குறைந்தன என்று 2012-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று சொல்கிறது. கயிறு மட்டும் அதைச் செய்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் சொன்ன மற்ற எல்லாம் சேர்ந்துதான்.

மணிக்கு எத்தனை பேரைக் கொண்டுபோகும்?

கையிலேயே கணக்குப் போடலாம். 12 நொடிக்கு ஒரு பெட்டி என்றால் நிமிஷத்துக்கு ஐந்து. பெட்டிக்குப் பத்துப் பேர், நிமிஷத்துக்கு ஐம்பது. மணிக்கு 3,000 பேர், ஒரு திசையில். பஸ்ஸில் நெருக்கியடித்து அறுபது பேர் என்று வைத்தால் மணிக்கு 50 பஸ், அதாவது நிமிஷத்துக்கு ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று கயிற்றில் (தாங்க இரண்டு, இழுக்க ஒன்று) ஓடும் பெரிய பெட்டி வகையில் இது 5,000-ஐத் தாண்டலாம். மெட்ரோ ரயிலோ ஒரு திசையில் 30,000, 40,000 என்று சுமக்கக்கூடியது.

எனவே மெட்ரோவுக்குப் பதில் ரோப்வே என்று மேடையில் யாராவது பேசினால் இந்தக் கணக்கைக் கேளுங்கள். மெட்ரோ வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க ரோப்வே என்றால் சரி, மேலே பேசட்டும்.

செலவு?

லா பாஸின் முதல் மூன்று வழித்தடங்கள், சுமார் 10 கி.மீ., 234 மில்லியன் டாலர். வாரணாசி ரோப்வேக்கு அடிக்கல் நாட்டியபோது சொன்ன மதிப்பீடு சுமார் 645 கோடி ரூபாய், தூரம் 3.75 கி.மீ. கிலோமீட்டருக்கு 170 கோடி சொச்சம். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ.க்கு 63,246 கோடி. கிலோமீட்டருக்கு 530 கோடி போல வருகிறது. மூன்றில் ஒரு பங்குதானே என்று குதிக்கும் முன், மேலே இருக்கும் பயணிகள் எண்ணிக்கையை ஒருமுறை திரும்பப் பாருங்கள்.

நிஜமான லாபம் நிலத்தில். கோபுரம் ஊன்ற இடமும் ஸ்டேஷனுக்கு இடமும் கிடைத்தால் போதும், நடுவில் இருப்பது யார் வீடாக இருந்தாலும் இடிக்க வேண்டியதில்லை. கட்டி முடிப்பதும் சீக்கிரம்.

எங்கேயாவது தோற்றுப்போனது உண்டா?

ரியோவில். அலெமாவ் குன்றுகளின் ஃபவேலா எனப்படும் குடிசைப் பகுதிகளுக்கு மேல் 2011-ல் திறந்தார்கள், 3.5 கி.மீ., ஆறு ஸ்டேஷன். பார்க்கப் பிரமாதம். ஒலிம்பிக் நடந்த 2016-லேயே நின்றுபோனது. மாநில அரசிடம் நடத்தக் காசில்லை. அங்கே குடியிருந்தவர்கள் பலர் ஆரம்பத்திலிருந்தே சொன்னது: எங்களுக்கு முதலில் சாக்கடை வசதி செய்து கொடுங்கள். மேட்டின் உச்சிக்கு உச்சி தாவும் கயிற்றில் ஏற, வீட்டிலிருந்து மேட்டின் உச்சிக்கு நடக்க வேண்டும் என்பதும் ஒரு குறை.

லண்டனில் 2012-ல் தேம்ஸ் நதிக்கு மேலே கட்டியது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் தினசரி வேலைக்குப் போகிறவர்கள் அதில் அபூர்வம். நதிக்கு அடியில் சுரங்க ரயில் சில நிமிஷத்தில் கடத்திவிடும்போது, மேலே ஏறித் தனி டிக்கெட் வாங்க யாருக்கு அவசரம்? கயிறு நன்றாகவே இருக்கிறது, அது போய் நிற்கும் இடம்தான் பிரச்சினை.

உண்மையைச் சொல்லுங்கள், பாதுகாப்பானதா?

ஒழுங்காகப் பராமரித்தால், ஆம். விபத்துகளை மறைக்கத் தேவையில்லை. அவற்றைப் பார்த்தால்தான் எது கெடுகிறது என்று தெரியும்.

1983 ஜனவரி 29, சிங்கப்பூர். செந்தோசாவுக்குப் போகும் கேபிள் காரின் கயிற்றில், துறைமுகத்தில் நகர்ந்துகொண்டிருந்த எண்ணெய் துளையிடும் கப்பலின் உயரமான கோபுரம் சிக்கியது. இரண்டு பெட்டிகள் கடலில் விழுந்து 7 பேர் இறந்தார்கள். இரவெல்லாம் ஹெலிகாப்டரில் மற்றவர்களை மீட்டார்கள். கயிற்றின் தப்பே இல்லை.

2021 மே 23, இத்தாலியின் மொத்தரோனே மலை. இழுகயிறு அறுந்தது. அப்படி அறுந்தால் பெட்டியின் அவசர பிரேக் தாங்குகயிற்றை இறுக்கிப் பிடித்து அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அந்த பிரேக் காரணமில்லாமல் அடிக்கடி விழுந்து சேவையைக் கெடுக்கிறது என்று, அது விழாதபடி வேண்டுமென்றே கிளாம்ப் மாட்டி வைத்திருந்தார்கள். பெட்டி பின்னோக்கி ஓடி விழுந்ததில் 14 பேர் இறந்தார்கள். ஒரு சிறுவன் மட்டும் பிழைத்தான். இந்தத் துறையில் இருப்பவர்கள் இதைச் சொல்லும்போது குரல் மாறிவிடும். இயந்திரம் கொடுத்த எச்சரிக்கையைத் தொந்தரவு என்று நினைத்ததன் விலை அது.

2022 ஏப்ரல் 10, ஜார்கண்டில் தேவ்கர் அருகே திரிகூட மலை. பெட்டிகள் அந்தரத்தில் நின்றுவிட, விமானப்படை ஹெலிகாப்டர் வந்து, மீட்பு 40 மணி நேரத்துக்கும் மேல் நடந்தது. இறந்த மூன்று பேரில் இருவர் மீட்கும்போது விழுந்தவர்கள். நம் நாட்டில் ரோப்வே கட்டுகிறவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி இதிலிருந்துதான் வருகிறது: நின்றுபோனால் இறக்க உங்களிடம் என்ன ஏற்பாடு, கடைசியாக எப்போது அதை ஒத்திகை பார்த்தீர்கள்?

கரண்ட் போனால்? காற்றடித்தால்?

கரண்ட் போனால் டீசல் எஞ்சின். வேகம் குறையும், ஆனால் பெட்டிகளை ஒவ்வொன்றாக ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்துவிடும்.

காற்றுதான் நிஜ எதிரி. ஒற்றைக் கயிறு வகையை மணிக்கு 60, 70 கி.மீ. காற்றடித்தால் நிறுத்திவிடுவார்கள். மூன்று கயிற்று வகை 100 கி.மீ. வரைகூடத் தாங்கும். பிரான்சின் துலூஸ் நகரத்தில் 2022-ல் திறந்தது இந்த வகை. பழநியிலும் ஆடிக் காற்றில் ரோப் கார் நிற்பது உள்ளூர்க்காரர்களுக்குச் செய்தியே இல்லை. மழைக்கு ஒன்றும் ஆகாது. இடி மின்னலுக்கு நிறுத்துவார்கள்.

பழநியில் பராமரிப்பு என்று அடிக்கடி நிறுத்துகிறார்களே, அப்படி என்னதான் செய்கிறார்கள்?

மாதம் ஒரு நாள், வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாதத்துக்கும் மேல். குடும்பத்தோடு போய் இறங்கும் அன்றைக்கு அந்த போர்டைப் பார்த்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் வேலை இருக்கிறது.

ரோப்வே கயிறு என்பது பொதுவாக ஆறு புரிகள், நடுவில் ஒரு கரு. முப்புரி நூல் என்கிறோமே, அந்தப் புரிதான். ஒவ்வொரு புரியும் பல இரும்புக் கம்பிகளின் முறுக்கு. இந்தக் கயிற்றை வளையமாக்க முடிச்சுப் போட முடியாது, பற்றவைக்கவும் முடியாது. இரண்டு முனைகளிலும் புரிகளைப் பல மீட்டர் நீளத்துக்குப் பிரித்து, ஒரு முனையின் புரி இருந்த பள்ளத்தில் மறுமுனையின் புரியைப் படுக்க வைப்பார்கள். மிஞ்சும் வால்களை, கருவை உருவிவிட்டு, கயிற்றின் நடுவுக்குள்ளேயே செருகிவிடுவார்கள். முடித்ததும் இணைப்பு எங்கே என்று தேடினால் கண்டுபிடிப்பது கஷ்டம். தடிமன்கூட ஏறத்தாழ மாறாது. முழுக்கக் கைவேலை. இதைச் செய்யத் தெரிந்தவர்கள் எந்த நாட்டிலும் கொஞ்சம் பேர்தான்.

புதுக் கயிறு ஓட ஓட நீளும். தொட்டில் கயிறு தொய்வது போல. அப்போது வெட்டிக் குறைத்து மறுபடி இணைக்க வேண்டும். நிரந்தரமாகக் கவ்வும் வகையில் கவ்விகளை அவ்வப்போது கழற்றி இடம் மாற்றிப் பொருத்த வேண்டும், இல்லாவிட்டால் கவ்விய ஒரே இடத்தில் கம்பிகள் களைத்து ஒடியும். உள்ளே கம்பி ஒடிந்திருக்கிறதா என்று காந்தக் கருவியை வைத்துச் சோதிப்பார்கள். கோபுர உருளைகளின் ரப்பர் தேயும். ஆகவே நிறுத்திப் பார்க்கிற ரோப் காரில் நான் தைரியமாக ஏறுவேன். எப்போதும் நிற்காமல் ஓடுகிறது என்று பெருமை பேசுகிற ரோப் காரைத்தான் யோசிப்பேன்.

வீட்டு மொட்டை மாடிக்கு மேலே பெட்டி போனால் அந்தரங்கம் என்னாவது?

நியாயமான புகார். தோய்த்த துணி, வெயிலில் வற்றல், தலை காயவைக்கிற பெண்கள் எல்லாம் பத்துப் பேர் கண்ணில் 12 நொடிக்கு ஒருமுறை படும். வழித்தடத்தைச் சாலைக்கு மேலேயே கொண்டுபோவதும், கோபுரத்தை உயர்த்துவதும் தீர்வு. சொத்து மதிப்பு கூடும் என்று சொல்லிச் சமாளிப்பது தீர்வில்லை.

இந்தியாவில் நகரத்துக்குள் எங்கே வருகிறது?

வாரணாசி. கன்டோன்மென்ட் ரயில் நிலையத்திலிருந்து கங்கைப் படித்துறைக்குப் பக்கத்தில் கோதௌலியா வரை, ஐந்து ஸ்டேஷன், 2023 மார்ச்சில் அடிக்கல். ஆட்டோவும் ரிக்‌ஷாவும் மாடும் மனிதரும் பின்னிக் கிடக்கிற அந்தச் சாலையைப் பார்த்தவர்களுக்கு இந்த யோசனை கிறுக்குத்தனமாகத் தோன்றாது. 2022-23 மத்திய பட்ஜெட்டில் அறிவித்த 'பர்வத்மாலா' என்ற ரோப்வே திட்டம் இதற்கெல்லாம் குடை.

மற்றபடி நம் நாட்டில் பெரும்பாலும் சாமியும் சுற்றுலாவும்தான். குஜராத்தில் கிர்நார், 2.3 கி.மீ., 2020-ல் திறந்தது. தமிழ்நாட்டில் சோளிங்கர், அய்யர்மலை இரண்டும் 2024-ல் வந்தன. சோளிங்கரில் 1,305 படி, அய்யர்மலையில் 1,017. மூட்டு வலிக்காரர்கள் மலையடிவாரத்திலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பிய காலம் போயிற்று.

சென்னைக்கு ஒத்துவருமா?

என் அபிப்பிராயம், பெரும்பாலும் வராது. சமதளம், கூட்டம் அதிகம், புறநகர் ரயிலும் மெட்ரோவும் இருக்கின்றன. ஏரி, ஆறு, ரயில்வே யார்டு என்று குறுக்கே கிடந்து சுற்றவைக்கும் இடத்தில் ஒன்றிரண்டு கி.மீ. கட்டினால் பயன்படலாம். கடற்கரையோரம் சுற்றிக் காட்ட என்றால் அது வேறு கதை, அதைப் போக்குவரத்து என்று சொல்லாதீர்கள். மலையூர்களில் சீசனில் ஊர்ந்துபோகும் கார் வரிசையைப் பார்க்கும்போது, அடிவாரத்தில் காரை விட்டுவிட்டு ஏறினால் என்ன என்று தோன்றத்தான் செய்கிறது. காடு, யானை வழித்தடம், மண்சரிவு மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் கோபுரம் ஊன்ற வேண்டும்.

உள்ளே டாய்லெட் இருக்குமா?

இருக்காது. பத்து நிமிஷம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாமான், சைக்கிள், ஆடு மாடு?

ஊருக்கு ஊர் விதி வேறு. லா பாஸில் சந்தை மூட்டை சாதாரணம். ஆட்டுக்கு நேபாளம்தான் உதாரணம். அங்கே மனகாமனா அம்மன் கோயிலுக்கு 1998-லிருந்து கேபிள் கார் ஓடுகிறது, 2.8 கி.மீ. அதற்கு முன் மூன்று மணி நேரம் நடந்து ஏற வேண்டும். அம்மனுக்குப் பலி கொடுக்க ஆடு கொண்டுவருகிறவர்கள் அதற்கும் டிக்கெட் எடுக்கலாம். மனிதருக்குப் போக வர டிக்கெட் உண்டு. ஆட்டுக்குப் போக மட்டும்தான் கொடுக்கிறார்கள்.